படிகாரம் தோய்த்த பாவாடை

இப்போது மேடையில் ஆடுகிற பெண்களின் பாவாடையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது, கண்ணுகளா. இடுப்பில் தட்டு வைத்தாற்போல் நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறது. ‘டூட்டூ’ என்று செல்லப்பெயர் வேறு. எங்கள் காலத்தில் அது முழங்காலுக்குக் கீழே மணி கவிழ்த்தாற்போல் இறங்கும். வெள்ளை மஸ்லின், அடுக்குக்கு மேல் அடுக்கு. ஆடுகிறவள் குதித்தால் அவள் கால் தரையைத் தொட்ட பிறகுதான் பாவாடை மெல்ல இறங்கும். அதைப் பார்க்கத்தான் பாரிஸே கூடும். அந்தத் துணியில் ஒரு பொறி பட்டால் கண் இமைக்கும் நேரம்கூடக் கிடைக்காது என்பதும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மேடை ஓரத்தில் காஸ் விளக்கு, பக்கத்திரைகளுக்கு நடுவே காஸ் விளக்கு. நெருப்புக்கு நடுவில்தான் எங்கள் பிழைப்பு.

ஸெலி வோபேர் எங்கள் அரங்கின் முதல் நாட்டியக்காரி. நான் அவளுக்கு உடை உடுத்திவிடுகிறவள். அந்தக் குளிர்காலத்தில் வேறோர் அரங்கில் ஒரு பெண் எரிந்துபோனாள். உடனே எங்களுக்கு உத்தரவு வந்தது: எல்லாப் பாவாடைகளையும் படிகாரத் தண்ணீரில் தோய்த்துத்தான் கட்ட வேண்டும். தோய்த்த துணி சட்டென்று பற்றாது. ஆனால் காய்ந்ததும் காகிதம்போல் விறைத்துக்கொள்ளும். வெள்ளையும் போய் மஞ்சளடிக்கும்.

ஸெலி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

“இதையா அக்கா நான் கட்டணும்? ஆஸ்பத்திரிப் படுதா மாதிரி இருக்கு.”

“உயிரோட இருப்பியேடி.”

“முன்வரிசையில தையக்காரிங்க படம் வரைய மடியில காகிதத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளுங்க, பாத்தியா? நான் என்ன கட்டுறேனோ அதைத்தான் அடுத்த மாசம் சீமாட்டிங்க எல்லாம் விருந்துக்குக் கட்டுவாளுங்க. இன்னைக்கு இந்த மஞ்சத் துணியைக் கட்டினா லியோனி சும்மா இருப்பாளா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா.”

லியோனி அவளுக்கு அடுத்த இடத்தில் ஆடுகிறவள். ஸெலிக்குக் காய்ச்சல் வராதா என்று காத்திருப்பவள்.

மேடை மேலாளர் வந்து கத்தினார். தோய்க்காத பாவாடையோடு மேடையேறவே கூடாது என்றார். “சரி, ஏறலை. டிக்கெட் வாங்கினவங்களுக்கு நீங்களே ஆடிக் காட்டுங்க” என்று ஸெலி காலணி நாடாவை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். அவர் கையை உதறிக்கொண்டு போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று ராத்திரி ஆட்டம் முடிந்து அவள் தூங்கப் போனதும் பாவாடையின் உள்ளடுக்குகளைப் பிரித்து எடுத்து, படிகாரத்தில் தோய்த்து, காய வைத்துத் திரும்பத் தைத்தேன். கண்ணுக்குத் தெரிகிற மேலடுக்கை மட்டும் தொடவில்லை. அது பளீரென்று, பனி மாதிரி, தோய்க்காத துணியாகவே இருந்தது.

மறுநாள் மாலையில் கட்டிவிடும்போது இடுப்பை அசைத்துப் பார்த்தாள். “என்ன அக்கா, கனக்குது?”

“மதியம் ரெண்டு தட்டு வெங்காய சூப் குடிச்சா கனக்காம என்ன பண்ணும்?”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் சட்டென்று உட்கார்ந்துவிட மாட்டார்கள். மஸ்லின் கசங்கக் கூடாது என்பதால், இரண்டு கையாலும் பாவாடையைப் பின்னாலிருந்து அள்ளி மேலே உதறிவிட்டுத்தான் உட்காருவார்கள். சின்ன வயதிலேயே படிந்த பழக்கம். வீட்டில் கம்பளிப் பாவாடை கட்டியிருந்தாலும் கை தானாகப் பின்னால் போகும். அந்த உதறலில் எழும் காற்று இருக்கிறதே, அது பக்கத்தில் உள்ள எந்தச் சுடரையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

இரண்டாம் அங்கம். லியோனி மேடையில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். ஸெலி எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்து நின்றாள். நான் இந்தப் பக்கம் சால்வையோடு நின்றேன். அப்போதுதான் கவனித்தேன். அவள் இளைப்பாறும் பெஞ்சை ஊஞ்சலுக்கு இடம் விடுவதற்காக யாரோ நகர்த்தியிருந்தார்கள். அது விளக்குக் கம்பத்தை ஒட்டிக் கிடந்தது.

ஸெலி கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டாள். பெஞ்சைப் பார்த்தாள்.

நடுவில் மேடை. கத்தினால் வாத்திய இரைச்சலில் கேட்காது. பின்திரைக்குப் பின்னால் ஓடினேன். கயிறு தடுக்கியது, யாரோ திட்டினார்கள். வழியில் ஈரப் போர்வையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தீயணைப்புக்காரன் பாஸ்தியானின் தோளைப் பிடித்து இழுத்தேன்.

“என்னம்மா, எலியைப் பாத்தியா?”

“எந்திரிடா!”

திரை மறைவைத் தாண்டியபோது ஸெலியின் கைகள் பின்னால் போய்விட்டன.

“உக்காராதே!”

உதறினாள். வெள்ளை பொங்கி எழுந்தது. சுடர் நாக்கை நீட்டி அதை நக்கியது.

சத்தமே இல்லை, கண்ணுகளா. ஒரு பெருமூச்சு மாதிரி ‘புஸ்’ என்றது, அவ்வளவுதான். அவள் தோளுக்கு மேலே வெளிச்சம் எழுந்தது. பயந்தவள் எங்கே ஓடுவாள்? பழகிய இடத்துக்குத்தான். மேடையை நோக்கிப் பாய்ந்தாள். அந்தத் திறந்த காற்றில் போனால் முடிந்தது கதை. பாய்ந்து அவள் இடுப்பு நாடாவைப் பிடித்துக்கொண்டேன். அவள் அலறிக்கொண்டே இழுத்தாள். என்னையும் சேர்த்து இழுத்தாள். நான் விடவில்லை. பாஸ்தியான் போர்வையோடு எங்கள் இரண்டு பேர்மேலும் விழுந்தான்.

போர்வையை விலக்கியபோது மேலடுக்கு இருந்த இடம் தெரியவில்லை. இடது கை முழங்கைவரை வெந்திருந்தது. உள்ளடுக்குகள் கருகிப் புகைந்தன, ஆனால் பற்றவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா… இதைத் தோச்சியா?”

“ம்.”

“பொய்க்காரி. சூப்பாம்ல, சூப்பு!” என்று சொல்லிவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

கை ஆறி அவள் மேடைக்குத் திரும்பியபோது ஓர் அடுக்கு விடாமல் தோய்த்த பாவாடை. மஞ்சள், விறைப்பு, எல்லாம் இருந்தது. லியோனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்வரிசையில் பென்சில்கள் ஓடின.

வசந்தம் வருவதற்குள் நகரமே மஞ்சளாகிவிட்டது. ஜவுளிக் கடைகளில் ‘ஸெலி நிறம்’ என்றே கேட்டு வாங்கினார்கள்.

ஒரு மாலை, ஆட்டம் தொடங்குமுன், மதாம் தோர்வால் என்ற வங்கிக்காரர் மனைவி ஒப்பனை அறைக்குள் வந்தாள். அடுக்கடுக்கான மஞ்சள் மஸ்லினில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

“பாருங்க ஸெலி, அச்சு அசல் உங்க நிறம்! என் தையக்காரி கெட்டிக்காரி.”

நான் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பூ மாதிரி மெத்தென்று இருந்தது.

“படிகாரத்துல தோச்சதுங்களா, மதாம்?”

“ஐயே, அந்தக் கரகரப்பு யாருக்கு வேணும்? டீத்தண்ணியில முக்கினது. நிறம் வந்தாப் போதாதா?”

சொல்லிக்கொண்டே கண்ணாடி முன் இருந்த நாற்காலிக்குப் போனாள். கண்ணாடியின் இரண்டு பக்கமும் காஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையும் மேடையைப் பார்த்தே கற்றிருக்கிறாள்: இரண்டு கையும் பின்னால் போயின. பாவாடையை அள்ளினாள்.

நான் வாயைத் திறக்குமுன் ஸெலி பாய்ந்து, அந்த வெந்த கையால், சுவரில் இருந்த காஸ் குழாய்த் திருகை மூடினாள்.

அறை இருண்டது.

“என்ன இது? ஒருத்தி தேடி வந்தா இதுதான் மரியாதையா?” என்று இருட்டில் சீமாட்டியின் குரல் கேட்டது.

ஸெலிக்கு மூச்சு வாங்கியது.

“இப்ப உக்காருங்க, மதாம்.”