ஷைலாவின் பவளத்தொட்டி

தேவானந்தத்துக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். அது பெருந்தன்மை என்று அவருக்கு நினைப்பு. மகள் ஷைலா, கூட வேலை பார்த்த வம்சியைக் கல்யாணம் செய்துகொண்டு பெருந்துறைக்குப் போனதிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை கிடையாது. சிங்காநல்லூர் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது. அவள் வளர்த்த உப்புநீர்ப் பவளத்தொட்டியையும் யாரும் தொடக் கூடாது.

“செத்தாச் சாகட்டும்” என்றார்.

மனைவி கிருபாவதி கேட்டால்தானே? பவளங்கள் தண்ணீரிலுள்ள கால்சியத்தை எடுத்துத்தான் உடம்பைக் கட்டிக்கொள்ளும். தினம் ஒரு மூடி கால்சியக் கரைசல், நேரம் விட்டு ஒரு மூடி சமையல் சோடாக் கரைசல் என்று ஷைலா போகும்போது சொல்லிக்கொடுத்திருந்தாள். கணவர் வேலைக்குக் கிளம்பியதும் கிருபாவதி ஊற்றிவிடுவாள். தொட்டி உயிரோடு இருந்தால் அதை எடுக்கவாவது மகள் இந்தப் படியேறுவாள். அந்தத் தாய்க்கு வேறு பிடிப்பு இல்லை.

போன வாரம் இருவர் போனுக்கும் ஷைலாவின் செய்தி வந்தது. பெரிய வீடு கிடைத்துவிட்டது, சனிக்கிழமை வண்டியோடு வந்து தொட்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று. தேவானந்தம் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். கிருபாவதி சமையலறைக்குள் போய் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

மகள் பார்க்கும்போது பவளங்கள் செழிப்பாக இருக்க வேண்டுமே என்று இரண்டிரண்டு மூடியாக ஊற்றினாள். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் கால்சியம் ஏறவில்லை, இறங்கியது. இன்னும் ஊற்றினாள்.

வியாழக்கிழமை மாலை அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது தொட்டி கஞ்சித்தண்ணீராக வெளுத்துக் கிடந்தது. பவளங்களின் சதை பிய்ந்து மிதந்தது. பக்கத்தில் தேவானந்தம் நின்றார், கையில் சோடாக் கரைசல் பாட்டிலோடு.

“ஏனுங்க, நீங்க எதுக்குங்க அதை எடுத்தீங்க?”

“நீ ஊத்தறது தெரியும். டெஸ்ட்ல கம்மியாக் காமிச்சுது. மறந்துபோட்டயாக்கும்னு நாலு நாளா நானும் ஊத்துனேன்.”

“அய்யோ, கம்மின்னு நானும் சேத்தி ஊத்துனனுங்க!”

அளவு மீறினால் இரண்டு கரைசலும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிடும். படியப் படிய, தண்ணீரில் கால்சியம் குறைவாகத்தான் காட்டும். ஒரே வீட்டுக்குள், ஒரே மகளுக்காக, இரண்டு பேர் ஒளிந்து ஒளிந்து ஊற்றியிருக்கிறார்கள். பாழாய்ப்போன வீம்பு! யாராவது ஒருவர் வாய் திறந்திருந்தால் போதும்.

தேவானந்தம் போனை எடுத்தார். ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவராக மகளை அழைத்தார். ஸ்பீக்கரைப் போட்டார்.

“அம்மணி, அப்பா பேசறேன்.”

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. “சொல்லுங்கப்பா.”

“தொட்டி செத்துப்போச்சு கண்ணு.”

“எல்லாமுங்களா?”

“எல்லாம்.”

“அப்ப சனிக்கிழமை வண்டி வேண்டாம்னு சொல்லிப்போடட்டுங்களா?”

கிருபாவதி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “சும்மா வரச் சொல்லுங்க! வான்னு சொல்லுங்க!”

அம்மா கத்துவது ஷைலாவுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் அப்பாவுக்காகக் காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“சரி” என்றார்.

“வெச்சிடறேனுங்கப்பா.”

கிருபாவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டிய பிறகும் யாரும் விளக்குப் போடவில்லை.

“வான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன் கிருபா” என்றார் தேவானந்தம்.