ஆளுக்கொரு கடிவாளம்

ஓபெட் தர்லோ பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. இன்றைய ஊர்க்கூட்டத்தில் கைகள் உயர்ந்தால் பாஸ்டனுக்குப் போகலாம், பார்த்துவிடலாம்.

போகிற காரியம் என்னவோ ஒரே சொல்தான். பதின்மூன்று மாநிலங்களின் தலைமேலும் ஒரே பெரிய அரசாங்கத்தை ஏற்றிவைக்கிற புதிய சட்டத்துக்கு, பாஸ்டன் மாநாட்டில் எழுந்து நின்று 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். அந்த மலையூரில் பாதிரியாரைத் தவிர எல்லோருக்கும் அதே எண்ணம். ராஜாவை விரட்டிய கைவலியே இன்னும் ஆறவில்லை, அதற்குள் இன்னொரு ராஜாவா?

கூட்டம் நடந்த ஆலயத்துக்குள் குளிரில் பற்கள் தந்தியடித்தன. ஓபெட்டின் பெயரைச் சொன்னதும், அவன் மனைவியின் அண்ணன் ஜேபஸ் பெக் எழுந்தான்.

"மச்சான் நல்லவன்தான். ஆனா பாஸ்டன்காரன் ஒரு தட்டு சிப்பி வறுத்து வச்சான்னா, வேண்டாம்னு சொல்லப் போன வாய் 'இன்னும் கொஞ்சம் போடுங்க'ன்னுடும்!"

"எல்லாரும் உன்னை மாதிரின்னு நினைச்சியா?" என்றான் ஓபெட்.

"அதிகாரம் கைக்கு வந்தா நானும் அப்படித்தான்டா. அதுக்குத்தானே அந்தச் சட்டமே வேண்டாங்கிறோம்!"

அசைக்க முடியாத நியாயம். ஊரே தலையாட்டியது. சரி, கூடவே ஒருவன் போய்க் கண்காணிக்கட்டும் என்றார்கள். ஜேபஸ் தயாராக நின்றான். ஜேபஸை யார் கண்காணிப்பது? மாவு ஆலைக்காரன் எழுந்தான். ஆலைக்காரனை நம்பவாவது! கொல்லன் எழுந்தான். பொழுது சாய்வதற்குள் ஊரில் பாதிப்பேர் பாஸ்டனுக்குக் கிளம்பத் தயாராக நின்றார்கள்.

பாதிரியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "பேசாம யாரையுமே அனுப்பாதீங்க. 'வேண்டாம்'னு சொல்ல ஆளில்லாம சட்டம் சுலபமா நிறைவேறிடும். எனக்குச் சந்தோஷம்தான்."

கடல் கைநழுவிப் போவதை ஓபெட் பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது மாடத்தில், பெண்கள் வரிசையிலிருந்து அவன் மனைவி கெசியாவின் குரல் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரையும் அண்ணனையும் மட்டும் ஒரே வண்டியில அனுப்புங்க! கல்யாணத்தன்னிக்கு ஆரம்பிச்ச சண்டை, ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் கேட்டதே இல்ல. ஒருத்தர் சிப்பிக்கு வாயைத் திறந்தா, இன்னொருத்தர் தட்டையே தட்டி விட்டுடுவார்!"

ஆலயம் அதிரச் சிரித்தது. அத்தனை கைகளும் உயர்ந்தன.

மறுநாள் காலை, குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஏறியதும் ஜேபஸ் கடிவாளத்தை எடுத்துக்கொண்டான்.

"மொத்தத்தையும் உன் கையில குடுத்துட்டு நான் வேடிக்கை பாக்கணுமா?" ஓபெட் ஒரு பக்கத்து வாரைப் பிடுங்கிக்கொண்டான்.

ஆளுக்கொரு பக்கம் இழுக்க, வண்டி ஒரு வேலியை உரசி, ஒரு பனிக்குவியலில் ஏறி இறங்கி, கோணல்மாணலாக மலையிறங்கியது. ஊர் கைதட்டி வழியனுப்பியது.

ஆற்றைத் தாண்டிய பிறகு ஜேபஸ் மெல்லக் கேட்டான். "மச்சான், கடல் தண்ணி நிஜமாவே உப்பாவா இருக்கும்?"

"பாஸ்டன்காரன் அப்படித்தான் சொல்றான்."

"அவன் சொன்னா நம்பிடுவியா?"

"சேச்சே! ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

"தனித்தனியா," என்றான் ஜேபஸ்.