நல்லா நடிக்கிறே

இறந்து கிடந்த கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அருகே மருந்துக் கடைப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நேருக்கு நேராக அல்ல, கொஞ்சம் சாய்த்து. அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சாய்வு அவளுக்குத் தெரியும். நேரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும், ஒட்டி உட்கார்ந்தால் பஸ்ஸில் வந்த மாதிரி இருக்கும் என்று, இதே கூடத்தில், இதே நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டுத்தான் அவர் பழகினார். தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவர். வீடு வீடாகப் போய் மிஷினைப் பிரித்து எண்ணெய் விடுவதற்குள் அந்தந்த வீட்டுப் பெண்கள் தங்கள் கஷ்டத்தையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அது ஆஸ்பத்திரி டாக்டரம்மா காதுக்குப் போயிற்று. மனசு நொந்து கிடக்கிறவர்களுக்கு அக்கம்பக்கத்து ஆட்களையே துணையாகப் பழக்க வேண்டும் என்று சொல்லி, முதல் ஆளாக அவரைப் பிடித்துப் போட்டார். சில வருஷத்தில் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர் ஆகிவிட்டார்.

இப்போது மிஷின்காரரின் வகுப்பு முழுவதும் கூடத்தில் இருந்தது. சலூன்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆயா, இன்னும் யார் யாரோ. ஒருவரும் "அழாதீங்க" என்று சொல்லவில்லை. தலையை ஒரே மாதிரி சாய்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணி, எல்லாம் ஃபோட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்குது? வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை ஆறுதல் சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று நாத்தனார் காதில் கிசுகிசுத்தாள்.

"உங்க அண்ணன் கத்துக்குடுத்தது. சொல்லக் கூடாதாம்."

"நல்லாக் கத்துக்குடுத்தான் போ." நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே டீ போடப் போனாள்.

மருந்துக் கடைப் பெண் மெல்லத் தொண்டையைச் செருமினாள். "அக்கா, பேசணும்னு இருந்தா பேசுங்க. இல்லன்னா நான் சும்மா கூட இருக்கேன்."

"நான் எதுக்குப் பேசணும்? நீ பேசு. அவருக்கு எதிர்ல நீதானே உட்கார்ந்திருந்தே?"

வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார், எதிர்நாற்காலியில் இருந்தது இந்தப் பெண் என்பது வரைக்கும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் பழக்கப்படுத்திய முகம் கலைந்தது.

"நடிச்சுக் காட்டுற பாடம்க்கா. அவர் கஷ்டத்துல இருக்கறவர், நான் கேக்கறவ. பேசிக்கிட்டே வந்தவர் சட்டுன்னு நிறுத்திட்டார். நெஞ்சுல கைய வச்சுக் குனிஞ்சார். வேர்த்துக் கொட்டுச்சு. பேச்சு நின்னா அவசரப்பட்டு ஏதும் கேக்கக் கூடாது, காத்திருக்கணும்னு அவர்தான் சொல்லிக்குடுத்தார்... நல்லா நடிக்கிறார்னு நெனச்சுட்டேன்க்கா. எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்."

"எதுவரைக்கும்?"

"கீழ சாயறவரைக்கும்."

அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல் அவளுக்குக் கை பரபரத்தது. ஒரு அறை நிறைய ஆட்கள். மனிதர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கிறார், பாடம் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆனால் கையை எழவிடாமல் அந்த வார்த்தை வந்து குறுக்கே நின்றது. நல்லா நடிக்கிறார்.

அவர் பழக ஆரம்பித்த புதிதில் எதிர்நாற்காலிக்கு ஆள் கிடைக்கவில்லை. "சும்மா ஏதாவது கஷ்டம் இருக்கிற மாதிரி நடி" என்று இவளைத்தான் உட்கார வைத்தார். இவள் நடிக்கவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே எதற்கு எழுந்திருக்கிறோம் என்று இருக்கிறது என்றாள். காரணம் என்று ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது என்றாள். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், வெளியே கேட்காது என்றாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அதனால்தான் அவ்வளவும் வந்துவிட்டது. முடிந்ததும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அடேயப்பா! நல்லா நடிக்கிறே. உன்ன இத்தனை நாளா அடுப்படியில போட்டு வச்சுட்டேனே!"

இவள் எழுந்து போய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகும் குழாய்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து, "தண்ணி வீணாகுது பார்" என்று மூடிவிட்டுப் போவார்.

"என்ன நடிச்சார்?" என்று மருந்துக் கடைப் பெண்ணிடம் கேட்டாள்.

"எப்பவும் நடிக்கிறதுதான்க்கா. குழாயைத் திறந்துவிட்டுட்டு அழற அம்மா."

கூடத்தில் யாரோ இருமுவதைப் பாதியில் அடக்கிக்கொண்டார்கள்.

"பொம்பள வேஷம் உங்களுக்கு எதுக்குன்னு சலூன் அண்ணன் கேலி பண்ணுவார். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். இது என் வீட்டுல நடந்ததும்பார். அவ நிஜமாச் சொன்னா, நான் நடிப்புன்னு நெனச்சேன், புரிஞ்சப்புறம் கேக்க எனக்கு வாய் வரல, நீங்க அந்தத் தப்பப் பண்ணிடாதீங்கம்பார். யாராவது குழாயத் தொறந்துவிட்டா மூடாதீங்க, போய்ப் பக்கத்துல நில்லுங்கம்பார்."

அவருக்குப் புரிந்திருக்கிறது. சலூன்காரருக்குத் தெரியும், ஆட்டோக்காரருக்குத் தெரியும். தெருமுனையில் பார்க்கும்போதெல்லாம் இவர்கள் காட்டிய அந்த இதமான முகத்துக்கு அர்த்தம் இதுதானா! ஊரைக் கூட்டி வைத்துச் சொல்ல வாய் வந்திருக்கிறது. கூடத்தைத் தாண்டி அடுப்படிக்கு வந்து சொல்லத்தான் வாய் வரவில்லை. தண்ணி வீணாகுது என்று சொல்ல மட்டும் வந்தது.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். தலை தலையணையில் ஒருபக்கமாக, கேட்டுக்கொண்டிருப்பது போலச் சாய்ந்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். வரவில்லை.

"அண்ணி, என்ன பண்றீங்க!" டீயோடு வந்த நாத்தனார் பதறினாள். "விடுங்க. வண்டி வந்துடுச்சாம்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயை முழுக்கத் திறந்தாள். கீழே இருந்த வாளியில் தண்ணீர் அடித்துக்கொண்டு விழுந்தது. கூடத்தில் இருந்த கொஞ்சநஞ்ச முணுமுணுப்பும் நின்றுபோயிற்று. அவர்களுக்கு அந்தச் சத்தம் பாடமாயிற்றே.

அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். காது மட்டும், வெட்கங்கெட்ட காது, செருப்புத் தேய்கிற சத்தத்துக்குக் காத்திருந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. மருந்துக் கடைப் பெண்தான். வந்து பக்கத்தில் நின்றாள். குழாயில் கை வைக்கவில்லை.

வாளி நிரம்பிற்று. தரையில் வழிந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது.

"மூடுடி," என்றாள் அவள். "தண்ணி வீணாகுது."

அந்தப் பெண் அசையவில்லை. வாசலில் வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது. அங்கே யாரோ ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி, தண்ணீருக்கு வழிவிட்டு நகர்த்தி வைத்தார்கள்.