நாய் நலச் சங்கத்தின் உண்டியல்

எங்கள் தெருவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது நான்தான். அவன் அடித்த அடியில் காக்கைகள் கூட்டோடு ஊர் மாறிப் போயின. காது கேட்காத என் சம்பந்தியே ஒருநாள் திரும்பிப் பார்த்தார். அப்பேர்ப்பட்டவன் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி, வேன் அவன் காலில் உட்கார்ந்துவிட்டது. உடனே பணம் கட்டித் தகடு வைத்தால் கால் தங்கும், இல்லாவிட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

ஹாரனின் மச்சானும் வேன்காரர்களும் சிக்னலில் நின்று வசூல் செய்யக் கிளம்பினார்கள். நகராட்சி தடுத்தது. அந்தக் கட்டடத்தில் ஆயுள் முழுக்க நாற்காலி தேய்த்தவன் நான். அங்கே கொட்டாவிக்குக்கூட விதி உண்டு. தனி ஆளுக்காக வண்டிக்காரர்களிடம் கையேந்தக் கூடாது, பதிவு பெற்ற சங்கம்தான் வசூலிக்கலாம், அதுவும் சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும்.

அகப்பட்ட ஒரே சங்கம் தெருநாய் நலச் சங்கம். அதன் தலைவியின் நகைகள் முதலில் வாசலில் நுழையும், அவர் சற்றுப் பொறுத்து வருவார். அனுமதியைச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். பணத்தை எப்போது வாங்கிக்கொள்வது என்று மச்சான் கேட்டதற்கு, எல்லாம் விதிப்படி செய்துவிடலாம் என்றார். அந்த மடையன் கும்பிட்டுவிட்டு வந்தான்.

மாடியிலிருந்து பார்த்தேன், சர்க்கஸ் தோற்றது. சக்கர நாற்காலியில் ஹாரன், பானை பருமனுக்குக் கட்டு, மார்பில் 'வாயில்லா ஜீவன்களுக்கு உதவுங்கள்' என்று அட்டை. சிவப்பு விழுந்ததும் மச்சான் தள்ளிக்கொண்டு ஓடுவான், பச்சை விழுந்ததும் இழுத்துக்கொண்டு ஓடுவான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஹாரன் ஊளையிட்டான். நாய் கடித்த கால் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"கடிச்ச நாய்க்கே வசூல் பண்றாரு பாரு, மகான்யா" என்று ஒரு லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திணித்தார். பின்னால் நின்ற கார்களுக்கும் அழுகை தொற்றியது. உண்டியல் பிதுங்கி, சாக்கு வாங்க ஆள் ஓடியது.

சாயங்காலம் தலைவி வந்து சாக்கைத் தன் காரில் ஏற்றச் சொன்னார். ஹாரனின் மனைவி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆஸ்பத்திரியில காத்திருக்காங்க."

"எந்தப் பேர்ல வாங்குனமோ அதுக்குத்தாம்மா செலவு பண்ணணும். மீறுனா நான் உள்ள போகணும்."

"அப்ப இவரு கால்?"

"அதுக்கு நாய் என்னம்மா பண்ணும்?"

நகராட்சிக்கு ஓடினார்கள். தலைவி சொன்னது அட்சரம் பிசகாமல் சரி என்றார்கள். கால் போயிற்று. நாய்களுக்குக் கொட்டகை எழும்பியது. திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். தரையெல்லாம் வழவழக் கல், தலைக்கு மேலே மின்விசிறி. என் வீட்டை விற்றால்கூட அங்கிருந்த கழிவறையை வாங்க முடியாது.

மறு வருஷம் தலைவி பழக்கூடையோடு ஹாரன் வீட்டுக்கு வந்தார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே நுழைந்தேன். வேலை போய், வேனும் போய், அடுப்பு பாதி நாள் எரியாத வீடு. தலைவி அவனுடைய மடித்துத் தைத்த கால்சட்டையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

"போன தடவை சேர்ந்ததெல்லாம் உங்களாலதான் தம்பி. இந்தத் தடவை இன்னும் நல்லா சேரும்."

கூலி என்ன தருவீர்கள் என்று மனைவி கேட்டாள். தொண்டுக்குக் கூலி வாங்குவது விதிக்கு விரோதம், வேண்டுமானால் நாய்களுக்கு ஆக்குவதில் ஒரு தட்டு ஒதுக்கலாம் என்றார் தலைவி.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹாரன் பழக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"கறி போடுவீங்களா?" என்றான்.