மரைத்துண்டு

மூன்றாவது கடையில் எடுத்துக் கொடுத்த நட்டும் மரை வெட்டிய இரும்புத் துண்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகவில்லை. சுடலைக்கண்ணு அதைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

“ஸ்பேனர் போட்டு ஒரு இறுக்கு இறுக்குங்க, தானா போவும்,” என்றான் விற்பனையாள்.

“ஸ்பேனர் போடக் கூடாது.”

“யாரு சொன்னது?”

“வீட்ல சொல்லியிருக்கா.”

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். “வூட்ல சொல்ட்டா அப்பீலே இல்லபா, வுடு,” என்றான் ஒருவன்.

வேறொரு நாளாக இருந்தால் சுடலைக்கண்ணுவே ஸ்பேனரைக் கேட்டு வாங்கியிருப்பான். சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே பதினோரு வருடமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். முறுக்கினால் போகாத நட்டு உலகத்தில் கிடையாது என்று நினைத்திருந்தவன். இன்று கைக்குட்டையில் பொதிந்திருந்த அந்த இரும்புத் துண்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாரிமுனையின் அடுத்த கடைக்கு நடந்தான்.

காலையில் மாரிசெல்வி அவனைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாளாகியிருந்தது.

“ஈஆர் இருபதுன்னு சொன்னதும் கடைக்காரன் ஒண்ணு எடுத்துக் குடுப்பான். வாங்கிராதீங்க. அது உள்ள மாட்டுத கோலெட்டுக்குத்தான் அளவு. நம்ம ஸ்பிண்டில்ல மரை வேற. இருபத்தி நாலு, இடைவெளி ஒண்ணு. அவன் குடுக்கது இருபத்தஞ்சா இருக்கும். என்ன சொன்னேன்?”

“இருபத்தி நாலு.”

“இடைவெளி?”

அவன் விழித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரல் நீளம், ஒரு பாதியில் மரை வெட்டியிருந்தது.

“இதுல மாட்டிப் பாருங்க. கடைசி வரைக்கும் கையாலயே போகணும். கையால போகாதது நம்மளது இல்ல.”

“நாளைக்குப் போறேன் செல்வி.”

“இன்னைக்கே போங்க. ஷெர்லின்கிட்ட நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன்.”

செல்போன் கம்பெனி லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த பழக்கம் அவளுக்கும் ஷெர்லினுக்கும். மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து குடைந்து வெட்டும் ஒரு பழைய ரூட்டர் மெஷினை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்து, ஒரகடத்தில் ஒரு ஷெட் பிடித்தார்கள். கம்பெனிகளின் உதிரிப் பாகங்கள் ஆடாமல் அசையாமல் உட்கார, ஃபோம் பலகைகளில் குழி வெட்டிக் கொடுக்கும் வேலை. சுழலும் ஸ்பிண்டிலில் வெட்டும் பிட்டைக் கவ்விப் பிடித்திருக்கும் நட்டு இரண்டு வாரத்துக்கு முன் விரிசல் விட்டது. ஸ்பிண்டில் செய்த கம்பெனியே இப்போது இல்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய ஃபோம் தட்டுகள் பாதியில் நின்றன.

காலையில் வந்த நர்ஸ் அவள் பாதங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடியதைச் சுடலைக்கண்ணு கவனித்திருந்தான். ஆனாலும் ரயில் ஏறினான். சாயங்காலத்துக்குள் சரியான நட்டை அவள் உள்ளங்கையில் வைத்துவிட வேண்டும். அவள் அவனிடம் தன் வேலையைப் பற்றிக் கேட்ட ஒரே உதவி அது.

நான்காவது கடையில் கோதண்டராமன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். நட்டு வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள், “என்ன மரை?” என்று கேட்டார். சுடலைக்கண்ணு கைக்குட்டையைப் பிரித்தான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துண்டை வெளிச்சத்தில் பிடித்து, விரல் நகத்தால் மரையை ஒருமுறை வருடினார்.

“இது எங்க வாங்கினது?”

“வாங்கலை. என் வீட்டுக்காரி பண்ணது.”

“பண்ணதுன்னா? லேத்துல அவங்களே வெட்டினாங்களா?”

“ஆமா,” என்றான். பக்கத்து ஷெட் லேத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றாள் என்பது அவனுக்குத் தெரியும். அன்று சோறு ஆறிப்போனதற்குச் சண்டை போட்டதும் ஞாபகம் இருந்தது.

“ஏம்பா, இங்க வா,” என்று கோதண்டராமன் உள்ளே இருந்தவரைக் கூப்பிட்டார். “முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். வர்றவன் எல்லாம் உடைஞ்ச நட்டைத்தான் எடுத்துகினு வருவான். அளவு பாக்கச் சொந்தமா ஒரு துண்டு கடைஞ்சு எடுத்துகினு வந்த ஆளைப் பாத்திருக்கியா?”

துண்டு மூன்று கைகள் மாறியது. ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். சுடலைக்கண்ணு சட்டைக் காலரைச் சரிசெய்து நின்றான். தினமும் ஷெட்டின் கேட்டில் அவளை இறக்கிவிட்டிருக்கிறான். ஒருநாளும் உள்ளே போனதில்லை. பயணிகள் கேட்டால், “கம்பெனி வேலைதான்,” என்பான்.

“என்ன படிச்சிருக்காங்க?”

“பத்தாவது. கோவில்பட்டிப் பக்கம்.”

“இது மினி நட்டு. ரொம்பப் பேர் கேக்கமாட்டாங்க, அதான் யாரும் வைக்கிறதில்ல,” என்றபடி கோதண்டராமன் தானே பரண்மேல் ஏறினார். தூசி படிந்த பெட்டியில் இரண்டு இருந்தன. முதலாவது பாதியில் பிடித்தது. கோதண்டராமனே, “வாணாம், பிசிறு கீது,” என்று பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

இரண்டாவது வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிற்று. இரண்டு சுற்று, மூன்று சுற்று. அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. ஷெர்லினுக்கு என்று வைத்திருந்த மணி. கடையில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நிறுத்தவில்லை. மெதுவாக, விரல் நுனியால், கடைசி மரைவரை சுற்றினான். நட்டு அடியில் போய் உட்கார்ந்தது. பிறகுதான் போனை எடுத்தான்.

“அண்ணா...” என்றாள் ஷெர்லின். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

“கிடைச்சிட்டும்மா,” என்றான் சுடலைக்கண்ணு. “வாறேன்.”

மறுநாள் காலை கோவில்பட்டியிலிருந்து வந்த மைத்துனன் கோமதிநாயகம், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கேட்கும்படிச் சொன்னான்: “தங்கச்சி உசிரு போகயில மாப்ள கடைத்தெருவுல நட்டு வாங்கிக்கிட்டு நின்னிருக்காரு.”

“அக்காதான் அனுப்பினாங்க,” என்று ஷெர்லின் எழுந்தாள். சுடலைக்கண்ணு அவளைக் கையமர்த்தினான்.

பத்து மணிக்கு மேல் தெரு நிறையத் தொடங்கியது. ஷிஃப்ட் முடிந்த பெண்கள் நீலக் கோட்டோடு வந்தார்கள். ஒரகடத்து ஷெட்காரர்கள், லேத்துக்காரர், லாரி டிரைவர்கள். பெரிய கம்பெனியின் ஸ்டோர் சூப்பர்வைசர் ஒருவர் மாலையை வைத்துவிட்டுக் கோமதிநாயகத்திடமே வந்து, “அண்ணனா சார் நீங்க? ஆறு வருஷத்துல இவங்க தட்டு ஒண்ணுகூட ரிஜெக்ட் ஆனதில்ல,” என்றார். கோமதிநாயகம் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சுடலைக்கண்ணுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“இம்புட்டுப் பேருக்கு அவளைத் தெரியுமா மாப்ள?”

“தெரியும்,” என்றான் சுடலைக்கண்ணு. அவனுக்கே அவளை முந்தின நாள்தான் தெரிய வந்தது.

வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் ஷெர்லின் அவன் காதருகே குனிந்தாள். “அந்தத் துண்டு உங்களாண்டதான கீதுண்ணா? அக்கா கையில வச்சுடலாம்.”

அவன் பையைத் தொட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை.

“வேண்டாம்மா. அடுத்த நட்டுக்கு வேணும்ல.”

மூன்றாம் நாள் பால் தெளித்த கையோடு ஒரகடத்துக்கு ஆட்டோவை ஓட்டிப் போனான். கேட்டில் நிறுத்திவிட்டு, முதல்முறையாக உள்ளே போனான். ஷெர்லின் நட்டைக் கையில் வாங்கி, பிட்டைச் சுற்றிப் பிடிக்கும் கோலெட்டைச் சாய்த்து அதற்குள் அழுத்தினாள். ‘டக்’ என்றது.

“இந்தச் சத்தம் வந்தாத்தான் மாட்டணும்ணா.”

நட்டை விரலால் சுற்றி ஏற்றினாள். அது கடைசிவரை போனது. அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தாள். மெஷின் ஓடத் தொடங்கியதும் சுடலைக்கண்ணு தலையைச் சாய்த்துக் கேட்டான். என்ஜின் சத்தம் கேட்டுப் பழகிய காது. ஒரு பிசிறும் இல்லை.

சுவரோரம் மாரிசெல்வியின் கருவிப் பெட்டி திறந்திருந்தது. கறுப்பு ஃபோமில் ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவில் குழி வெட்டி, எல்லாம் நிறைந்திருக்க, ஒன்று மட்டும் காலியாக இருந்தது. மரைத்துண்டை அதில் வைத்தான். இம்மிகூட ஆடாமல் உட்கார்ந்தது. எடுப்பதற்கு வாகாக, குழியின் ஓரத்தில் விரல் நுழையப் பிறைபோல ஒரு வெட்டு. அதில் ஆள்காட்டி விரலை வைத்தான். நுழையவில்லை.

பிறகு சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான். போனது.