மூன்றடி வரப்பு

எங்கள் ஊரிலிருந்து என் மகள் ராஜாம்பாள் வாழ்க்கைப்பட்ட ஊருக்கு வரப்பு வழியாக ஒரு மைல்தான். வண்டிப்பாதை என்றால் குறிஞ்சிப்பாடியைச் சுற்றி ஆறு மைல், வழியெல்லாம் குழி. ஆளும் சைக்கிளும் பயமில்லாமல் போக அந்த வரப்பை மூன்றடி அகலமாக்க வேண்டும் என்று நாற்பத்தாறாம் வருஷம் ஆவணியில் கிளம்பினான் மருமகன் தங்கராசு. என் அக்கா மகன்தான். வயல்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை.

நடவுக்கு முன்னால் வரப்பில் புல் செதுக்குவது எல்லாருக்கும் வழக்கம். நான் புல்லோடு நாலு விரல் மண்ணையும் சேர்த்துச் செதுக்குவேன். ஒரு வரிசை நாற்று ஜாஸ்தி நிற்குமே!

"ஒங்க வயலுகிட்டதான் வழி அடபடுது மாமா."

"என் வரப்பு, என் மம்பட்டி. போடா வேலயப் பாத்துகிட்டு."

கார்த்திகைக் கடைசியில் ராஜாம்பாளுக்கு ஒன்பதாம் மாதம். வளைகாப்பு முடிந்து அழைத்துவரப் போனேன். போன தடவை கட்டைவண்டியில் குலுங்கி வந்துதான் பிள்ளை தங்காமல் போனது. "வண்டி வாணாம்பா, நடந்தே வரேன்" என்றாள்.

காலைப் பனியில் வயலும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. அகலமான புது வரப்பில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். பின்னால் தங்கராசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. அவள் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாள். இப்படியே சிதம்பரம் வரைக்கும் போய்விடலாம் போலிருந்தது.

சட்டென்று நின்றாள். வரப்பு ஒரு சாணாகக் குறுகியிருந்தது. இரண்டு பக்கமும் சேறு.

"இது யாரு வயலுப்பா? கால் வக்க எடமில்லியே."

பனியில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தங்கராசு சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வேட்டியை மடித்துக் கட்டி வயலில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்தாள். அவள் கால் வழுக்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. செதுக்கிச் சேர்த்த அந்த ஒரு வரிசைப் பயிரை மிதித்துக்கொண்டேதான் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அகன்ற இடம் வந்ததும் சொன்னேன்: "ஒங்கப்பன் வயலும்மா அது."

அவளை வீட்டில் விட்டதும் மண்வெட்டியை எடுத்தேன்.

"கதிரு வந்திருக்கு மாமா. அறுப்பு முடியட்டும்" என்றான் தங்கராசு.

"அறுப்பு வரைக்கும் புள்ள காத்திருக்குமாடா? மருத்துவச்சி பட்டம்மா ஒங்க ஊர்லேர்ந்துதான வரணும்? நீ அந்தப் பக்கத்துலேர்ந்து பயிரப் புடுங்கு."