இருபதடி ஒயர்

சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. ஃப்ரீசர் பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது. கூடத்து ஃபேன் இரண்டு சுற்று யோசித்துவிட்டு நின்றது.

யாரும் பதறவில்லை. கள்ளக்குறிச்சியில் பாதி வீடுகளுக்கு இன்வெர்ட்டர் மாட்டிக்கொடுத்த பேட்டரிக்கடை தங்கதுரையின் வீடு அது. ஒரு நொடியில் எல்லாம் தானாக ஓடும் என்று, பெட்டிக்குள் படுத்திருந்த தங்கதுரையைத் தவிர எல்லோரும் காத்திருந்தார்கள்.

ஓடவில்லை.

மகள் தேவிப்ரியா எழுந்து மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இன்வெர்ட்டர் இருந்தது. பக்கத்தில் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் தூசி படியாத ஒரு செவ்வகம் மட்டும் இருந்தது.

“பேட்டரி இல்லம்மா.”

பெட்டியின் கண்ணாடி மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்த நிர்மலா தலையைத் தூக்கினாள். “இல்லன்னா? அறுவது கிலோ சாமான் நடந்தா போச்சு?” பிறகு கண்ணாடியைத் தட்டிப் புருஷனையே கேட்டாள். “எங்கங்க வச்சீங்க? யாருக்குத் தூக்கிக் குடுத்தீங்க? கேக்கறேன் இல்ல?”

முப்பது வருடமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சொல்லும் பதிலையே தங்கதுரை இப்போதும் சொன்னார்.

எதிர்வீட்டுக் காசியம்மாள் அந்த இடைவெளியில் புகுந்தாள். “ஊருக்கெல்லாம் வெளக்கேத்துன எங்கண்ணே... ஒன் தலமாட்டுல ஒரு காத்தாடி சுத்தலியே...”

பெரியப்பா கொளஞ்சியப்பன் வெளியே போய் விசாரித்துவிட்டு வந்தார். மாதாந்திரப் பராமரிப்பாம், ஐந்து மணிக்குத்தான் வருமாம். முகூர்த்த நாள் வேறு. ஊரில் இருந்த ஜெனரேட்டரெல்லாம் கல்யாண மண்டபங்களில் இருந்தன. கடையிலிருந்து இரண்டு பேட்டரியைத் தூக்கிவந்து பார்த்தார்கள். ரிப்பேருக்கு வந்து படுத்திருந்த நோயாளிகள் அவை. ஐந்து ஐந்து நிமிடத்தில் இரண்டும் முதலாளி போன வழியே போயின.

“பன்னெண்டு மணிக்கெல்லாம் எடுத்துடலாம். வெயிலு தாங்காது” என்றார் பெரியப்பா.

“அண்ணன் வர நாலரை ஆவும் பெரியப்பா. மூஞ்சியாவது பார்க்கணும்ல” என்றாள் தேவிப்ரியா.

அண்ணன் சுபாஷுக்குப் புனேயில் வேலை. சென்னையில் இறங்கி பஸ் பிடித்து வர வேண்டும். ஆனால் அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அவள் பேச்சே அப்படித்தான். வாயிலிருந்து நன்றாகத்தான் கிளம்பும்; எதிரே இருப்பவர் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் வோல்டேஜ் குறைந்துவிடும். அப்பாவுக்கு மட்டும் கேட்கும். கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ள மாட்டார்.

கடைசி ஒன்பது நாளாக அதுவும் இல்லை. எல்லாம் பகலவன் கொண்டுவந்த வேலையால்.

பகலவன் மலைமேல் கரியாலூரில் படகு விடுகிறவன். படகைத் தண்ணீரிலிருந்து ட்ரெய்லர்மேல் ஏற்ற ஒவ்வொரு தடவையும் ஆறு ஆள் வேண்டியிருந்தது. கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் மோட்டார் ஒன்றை வாங்கி ட்ரெய்லரின் முன்னால் மாட்டிவிட்டான். அதற்குக் கரண்ட் கொடுக்க வேண்டும்.

“ஜீப்புல பேட்டரி இருக்குதில்ல? அதுலேர்ந்து ஒயர இழுத்துவுட்டா முடிஞ்சிச்சு” என்றார் அப்பா.

“இருவதடி தூரம்பா. அது நூறு ஆம்பியர் இழுக்கும். இந்த ஒயர்ல போய்ச் சேர்றதுக்குள்ள வோல்டேஜ் படுத்துடும். மோட்டார் மொனவும், இழுக்காது. ட்ரெய்லர்லயே தனியா ஒரு பேட்டரி வெக்கணும்.” பில்லின் பின்பக்கத்தில் படமும் வரைந்து காட்டினாள்.

“முப்பது வருஷமா ஒயர் புடிக்கிற கை இது.”

“எத்தினி வருஷமானா இன்னாப்பா, ஒயருக்குத் தெரியுமா?”

பி.எஸ்சி. இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவள் அந்தக் கடைசி வாக்கியத்தை விழுங்கியிருக்கலாம். அன்றிலிருந்து ஒரே கடையில் உட்கார்ந்துகொண்டு இருவரும் அம்மாவுக்கு போன் போட்டுப் பேசினார்கள். “சால்ட்ரிங் அயர்ன் எங்கன்னு அவருகிட்ட கேளும்மா.” நாலாம் நாள் நிர்மலா போனிலேயே கத்தினாள். “நான் இன்னா, ரெண்டு பேத்துக்கும் நடுவுல ஃப்யூஸா?”

வியாழக்கிழமை அம்மாவும் அவளும் தியாகதுருகத்துக்கு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். அப்பா அவளைக் கூப்பிடாமல் மலைக்குப் போய்விட்டார் என்று பஸ்ஸில் வரும்போது தெரிந்தது. வின்ச் முனக வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். நிஜமாகவே, கண்ணை மூடி. ராத்திரி சாப்பிடும்போது அப்பா அவள் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் உப்பு கேட்டார். மறுநாள் சாயந்தரம் கடை நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பெட்டியின் கண்ணாடி இப்போது வேர்த்திருந்தது. அவள் கையை வைத்தாள். இன்னும் சில்லென்றுதான் இருந்தது. அந்தக் குளிர் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. அவள் அதை நிறுத்தினாள்.

பத்தரை மணிக்குத் தெருமுனையில் ஒரு வாத்துத் தலை தெரிந்தது.

ஆளுயரத்துக்கு மேல் நீண்ட வெள்ளைக் கழுத்து, ஆரஞ்சு மூக்கு, கழுத்தில் ரோஜா மாலை. ஜீப்புக்குப் பின்னால் ட்ரெய்லரில் அது நிதானமாக ஆடி ஆடி வந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். காசியம்மாள் பாதி வரியில் நிறுத்தினாள்.

“யாரு சொன்னது இந்த வண்டிய? பூ ரதம்தான சொல்லியிருந்தோம், வாத்து ரதமா சொன்னோம்?” என்றார் பெரியப்பா.

“அன்னங்க” என்றபடி ஜீப்பிலிருந்து இறங்கினான் பகலவன். “வாத்து இல்ல. பெடல் மிதிச்சி ஓட்டற படகு. அடியில ஓட்டை, ஒட்டறதுக்கு எடுத்தாந்துகினு இருந்தேன். வர்ற வழியில போன் வந்துச்சு. எங்க நிறுத்தறது, அப்படியே வந்துட்டேன்.” தங்கதுரைக்காக வாங்கி வாத்தின் கழுத்தில் மாட்டிவந்த மாலையைக் கழற்றப் போனவன், வின்ச்சுக்குப் பின்னால் குனிந்திருந்த தேவிப்ரியாவைப் பார்த்து நின்றான்.

அங்கே ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பேட்டரி. அதன் நெற்றியில் ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமம்.

எட்டிப் பார்த்த நிர்மலா மார்பில் அடித்துக்கொண்டாள். “நான் வச்ச பொட்டுடி! எங்க வூட்டு பேட்டரிடி இது!”

பகலவன் தலையைச் சொறிந்தான். “அண்ணன்தான் அண்ணி எடுத்தாந்தாரு. மொதல்ல ஜீப்புலேர்ந்தே ஒயர் குடுத்துப் பார்த்தாரு. அன்னம் பாதி மேடு ஏறி நின்னுடுச்சு. மோட்டார் மொனவுது.”

“மொனவிச்சா?” என்றாள் தேவிப்ரியா.

“ஆமா பாப்பா. ஒரே சிரிப்பு அவருக்கு. ‘சரி, அத எறக்குடா’ன்னாரு. ஜீப்புல சாக்கு போட்டு மூடி வச்சிருந்தாரு, கெளம்பறப்பவே. திங்கக்கிழம புதுசு வந்ததும் மாத்திக்கலாம், வூட்ல எதுவும் சொல்லாத, நானே எம்பொண்ணுகிட்ட சொல்லிக்கறேன்னாரு.”

அவள் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வின்ச்சுக்குக் கட்டைவிரல் தடிமனில் இரண்டடிக் கேபிள். அவள் வரைந்து காட்டிய மாதிரியே. ஆனால் இன்னொரு ஒயரும் இருந்தது. மெல்லியது, சிவப்பு, நடுவில் ஒரு ஃப்யூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து ட்ரெய்லர் நீளத்துக்கும் ஓடி ஜீப்புக்குள் போனது. அவர் முதலில் சொன்ன அதே ஒயர்.

“இது எதுக்கு?”

“வண்டி ஓட ஓட இதுவழியா சார்ஜ் ஏறிக்கினே வருமாம். இல்லன்னா மலைமேல எவன் வந்து சார்ஜ் போடுவான்னாரு.”

அவள் வரைந்த படத்தில் அது இல்லை.

அதற்குள் பெரியப்பா நாலு பேரைச் சேர்த்துவிட்டார். ஒருவன் ஸ்பேனரோடு பெட்டிக்குள் கையை விட்டான். “கழட்டுங்கடா. தூக்கி உள்ள கொண்டு போங்க.”

“கழட்டாதீங்க!”

தெருவே திரும்பியது. யார் கத்தியது என்று அவளும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

“பேட்டரி இங்கயே இருக்கட்டும். இன்வெர்ட்டர இங்க எடுத்தாங்க. அதுலேர்ந்து ஃப்ரீசருக்கு ஒயர் எத்தினி நீளம் போனாலும் பரவால்ல, அது எரநூத்தி முப்பது வோல்ட்டு, கரண்ட் கம்மியாத்தான் இழுக்கும். ஜீப்ப ஆஃப் பண்ணாதீங்க. பேட்டரி மட்டும்னா ரெண்டு மணியோட சரி. ஜீப் ஓடினா அண்ணன் வர்ற வரைக்கும் தாங்கும்.”

“சாவு வூட்ல பொம்பளப்புள்ள...” என்று ஆரம்பித்த பெரியப்பா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “எத்தினி அடி ஒயர் வோணும்?” என்று முடித்தார்.

பந்தல்காரனின் ஒயர் சாவு வீட்டு வாசலைத் தாண்டி, செருப்புக் குவியலைத் தாண்டி, உள்ளே போனது. தேவிப்ரியா தெருவில் மண்டியிட்டுச் சிவப்பை முதலில், கறுப்பைப் பிறகு முடுக்கினாள். ஒரு பொறி தெறித்தது. இன்வெர்ட்டர் கீச்சென்றது. உள்ளே ஃப்ரீசர் பெட்டி குலுங்கி உறுமியது.

காசியம்மாள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “செத்தும் கரண்டு குடுத்த எங்கண்ணே...”

பகலவன் ஜீப்பில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. வந்தவர்கள் எல்லோரும் முதலில் வாத்தைப் பார்த்தார்கள், பிறகு உள்ளே போய்த் தங்கதுரையைப் பார்த்தார்கள். மாலை அதன் கழுத்திலேயே இருந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு மணியும் தாண்டியது. மூன்றரைக்கு சுபாஷ் போன் செய்தான், உளுந்தூர்பேட்டையிலிருந்து ஆட்டோவோ காரோ எதிலோ ஏறிவிட்டதாக. நாலே முக்காலுக்கு வந்து இறங்கி, வாத்தை ஒருமுறை திகைத்துப் பார்த்து, உள்ளே ஓடினான். அம்மாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

தேவிப்ரியா உள்ளே போகவில்லை. ட்ரெய்லர் ஓரமாக நின்றிருந்தாள்.

ஐந்து மணிக்குப் பந்தல் விளக்குகள் எரிந்தன. வீட்டுக்குள் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. யாரோ ஃப்ரீசரின் ஒயரைச் சுவருக்கு மாற்றினார்கள்.

பகலவன் ஜீப்பிலிருந்து தலையை நீட்டினான். “கரண்ட் வந்துடுச்சு பாப்பா. வண்டிய ஆஃப் பண்ணிடட்டுமா?”

அவள் அந்த மெல்லிய சிவப்பு ஒயர்மேல் இரண்டு விரலை வைத்திருந்தாள். ஒயர் இளஞ்சூடாக இருந்தது.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டுங்க” என்றாள்.